பத்துப் பத்தாக

சீதபற்பநல்லூர் தாண்டி
தென்காசி ரோட்டோரம் அந்த எடைமேடை.
போன் வந்தபோது மணி ஏழே கால்.
"எப்சி, பெட்டி செத்துப்போச்சு.
எட்டு வண்டி நிக்கி" என்றாள் முப்பிடாதி.
செத்துப்போச்சு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.
பாதிப் பேருக்கு ப்ளக் கழன்றிருக்கும்.

இது நிஜச் சாவு.
மூடியைக் கழற்றினால்
மாவு மாவாய் எம்-சாண்ட்.
ஃபேன் இறகெல்லாம் கனத்துத் தொங்க,
யாரும் சொருகாத ஒரு துளைக்குள்
குளவி மண் பூசி வீடு கட்டி
பால்காய்ச்சிப் போயும் இருந்தது.
பிராசசரைச் சுற்றி நின்ற கெபாசிட்டர்களில்
ஐந்துக்குத் தலை உப்பல்,
ஒன்று கக்கியிருந்தது.

"மதர்போர்டு" என்றேன்.
முதல் வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து
"அப்போ அம்மையவே மாத்தணுமாக்கும்" என்றார்.
இந்த வருஷத்தில்
இந்தத் தமாஷ் எனக்குப் பதினோராவது முறை.
சிரித்துவைத்தேன். அவர்
ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர்.

புதுசு வாங்கலாம், நல்ல புதுசாகவே.
ஆனால் எடை சொல்லும் வயர்
ஒன்பது ஊசிச் சாக்கெட்டைத்தான் கேட்கும்.
இப்போது வரும் போர்டுகளுக்கு
அப்படி ஒரு வாய் இருந்ததே தெரியாது.
திரும்ப வண்ணார்பேட்டை.
ஹமீது கடை மாடியில்
பழைய போர்டுகள் தோசைக்கல் மாதிரி நிறுத்தியிருக்கும்.
அதே மாடல். ஆயிரத்து எழுநூறு சொன்னார்,
ஆயிரத்து நானூறுக்குப் படிந்தது.
தினத்தாளில் சுற்றி
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்து,
ஆடிக் காற்று வண்டியைப்
பக்கவாட்டில் தள்ளத் தள்ள வந்து சேர்ந்தேன்.
எட்டு வண்டி பதினாலு ஆகியிருந்தது.

கட்டில் காலைத் தொட்டு
உடம்பு கரண்டை இறக்கினேன்.
ஆறு ஸ்க்ரூ.
பிராசசரைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு நிமிஷம்
யாரோடும் பேசமாட்டேன்.
அதன் நெற்றியில் கடுகளவு பசை.
கூடினால் வழியும், குறைந்தால் வேகும்.
இதெல்லாம் சுலபம்.
கடைசியில் பவர் பட்டன், ரீசெட்,
சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு:
முடியளவு வயர்கள், எழுத்து அழிந்த ஊசிகள்.
டார்ச் பிடித்தான் ஒரு கிளீனர் பையன்.
கை ஆடவே இல்லை.
பெயர் கேட்க விட்டுப்போனது.

ஒற்றை பீப்.

மானிட்டர் சொன்னது:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து எட்டு.
"அன்னைக்கு எங்க வீட்டுல கரண்டே கிடையாது" என்று
முப்பிடாதி தேதியைத் திருத்தினாள்.

"சரியாக் காட்டுதான்னு பாக்கணும்லா."
செருப்பைக் கழற்றிவிட்டு
அவளே மேடையில் ஏறி நின்றாள்,
அறுபது டன் தாங்கும் இரும்பு நடுவில்
நைலக்ஸ் சேலை படபடக்க.
ஐம்பது.
இறங்கச் சொல்லி நான் ஏறினேன்.
எழுபது என்று ஜன்னல் வழி கத்தினாள்.
பிறகு என்ன தோன்றியதோ
ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.
வெளியே தொங்கும் சிவப்பு எண்களைப் பார்த்தோம்.
நூற்று முப்பது.

நான் விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
அவள் சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டாள்.
"அது பத்துப் பத்தாத்தான் எண்ணும், எப்சி.
சில்லறைய உள்ளயே வச்சிக்கிடும்.
ரெண்டு பேரு சில்லறையும் சேந்தா
வெளிய விட்ரும்."
"அப்போ என் லோடுல?" என்றார் அம்மை டிரைவர்.
அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஹாரன் மேல் ஹாரன்.
முதல் வண்டி ஏறியது, மேடை அதிர்ந்தது.
இருபத்தெட்டு டன் நானூற்றுப் பத்து.
ரசீது கிழித்துக் கொடுத்தாள்.
வண்டி மாறாந்தை பக்கம் மறைந்த பிறகுதான்
பையைத் துழாவினேன்.
எம்-சாண்ட், டீசல், டிரைவர், பையன்,
அவன் கையில்
அந்த மேடைக்குத் தெரியாமல் போன
என் டார்ச்.